ஆளுக்கொரு மாத்திரை

என் காதுகுத்துப் படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அம்மா பார்க்கிறார், அப்பா பார்க்கிறார், ஊசியைக் கையில் வைத்திருக்கும் பத்தர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறார். நான் வாயைப் பிளந்து அழுதுகொண்டே பார்க்கிறேன். மாமா மட்டும் தூங்குகிறார். புது வேட்டி, புதுச் சட்டை, கழுத்தில் மாலை, மடியில் நான், என் மொட்டைத் தலையின்மேல் அவருடைய கன்னம். என் தலையில் பூசியிருந்த சந்தனம் அவர் மூக்கிலும் மீசையிலும் அப்பியிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மாமன் எவ்ளோ பாசமா சாஞ்சிக்கினு இருக்காரு பாரு" என்பார்கள். நாங்கள் யாரும் திருத்துவதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. ஏழு வயதுவரை காது குத்தாமல் ஒரு பெண்பிள்ளை விழுப்புரத்தில் பள்ளிக்கூடம் போவது லேசான காரியம் அல்ல. வகுப்பில் எல்லோர் காதிலும் ஏதாவது மினுங்கும். என் காது மட்டும் வெறுமனே இருக்கும். காரணம் மாமாதான். எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். பத்தர் வராவிட்டால் வேறு பத்தரைப் பிடித்து வரலாம், மாமனை எங்கே போய்ப் பிடிப்பது? எனக்கு இருந்தது ஒரே மாமா. ஒரு வயதில் குத்தலாம் என்று நாள் பார்த்தபோது அவருக்கு உடம்பு சரியில்லை. மூன்று வயதில் பார்த்தபோதும் சரியில்லை. ஐந்தில் பத்திரிகைகூட அடித்தாயிற்று, அப்போதும் சரியில்லை. அந்த 'உடம்பு சரியில்லை'க்கு மேல் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள்.

மாமாவுக்கு இருந்தது இழுப்பு. டவுனில் வீசிங் என்பார்கள், டாக்டர்கள் ஆஸ்துமா என்பார்கள். எங்கள் வீட்டில் எந்தப் பெயரையும் சொல்லக் கூடாது. அவர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், வேலை பார்த்தார். மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் தோலும் மண்ணும் கலந்து ஒரு புழுதி எழும். அதில் பத்து நிமிடம் நின்றால் நமக்கே தும்மல் வரும். மாமாவுக்குத் தும்மலில் ஆரம்பித்து, கண் சிவந்து, பிறகு நெஞ்சுக்குள் பூனை ஒன்று உட்கார்ந்து கத்துகிற மாதிரி சத்தம் கேட்கும். அம்மாதான் அவரை வளர்த்தவர். அப்பா அம்மா இல்லாத தம்பிக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்துக் கட்டிவைப்பது ஒன்றுதான் அம்மாவின் வாழ்க்கை லட்சியம். மாப்பிள்ளைக்கு இழுப்பு என்று வெளியே தெரிந்தால் எவன் பெண் கொடுப்பான்? அதனால் அந்தப் பூனை எங்கள் குடும்ப ரகசியம் ஆகிவிட்டது.

அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வந்து சேர்ந்ததுதான் அந்தச் சின்ன மாத்திரை. ஒரு சித்திரை மாதம், மண்டியில் வரத்து அதிகமாக இருந்த சமயம், மாமாவுக்கு மூச்சு ரொம்ப முட்டிப்போய் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் ஐந்து நாளைக்கு ஒரு அலர்ஜி மாத்திரை எழுதிக் கொடுத்தார். போட்ட மறுநாளே தும்மல் போனது, அரிப்பு போனது, நெஞ்சுக்குள் கத்திய பூனையும் எழுந்து எங்கேயோ போய்விட்டது. ஐந்து நாள் முடிந்ததும் திரும்ப வந்து காட்டச் சொல்லியிருந்தார் டாக்டர். மாமா காட்டவில்லை. காலி அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போய், "இதே மாதிரி ஒரு அட்டை குடுங்க" என்றார். கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறு கடை, அதற்கடுத்த வாரம் இன்னொரு கடை. ஐந்து நாள் மாத்திரையை மாமா ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்துவிட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னம்தான். எலும்பும் தோலுமாக இருந்த மாமாவுக்குத் திடீரென்று கன்னம் வைத்தது. மாதத்துக்கு மாதம் அது உருண்டு, கடைசியில் முகமே ஒரு வட்டமாகிவிட்டது. நான் இரண்டு கையாலும் பிடித்து அமுக்குவேன், விட்டால் மறுபடியும் பழைய இடத்துக்கு வரும். அதோடு பசி. மாமா விழுப்புரம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போய் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி, அப்புறம் வேகவைத்த மல்லாட்டை ஒரு பொட்டலம், வீட்டுக்குத் திரும்பியதும் "அக்கா, சோறு ஆயிடுச்சா?" என்று கேட்பார். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைக்கும்? தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம், "தம்பி இப்பதான் பூசினாப்பல நல்லா இருக்கு" என்றார்கள். அம்மா வீட்டுக்குள் வந்து அவருக்குத் திருஷ்டி சுற்றிப்போட்டார். முன்பு ஒரு பெண் வீட்டார், மாப்பிள்ளை காத்தடித்தால் விழுந்துவிடுவார் போலிருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கெல்லாம் இந்தக் கன்னம் பதில் சொல்லும் என்று அம்மா நம்பினார்.

சொல்லவும் செய்தது. கண்டாச்சிபுரம் பக்கம் ஒரு இடம் அமைந்தது. சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம், பெண் விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவர். ஜாதகம் பொருந்திவிட்டது, பெண் பார்த்தாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை பாக்கு மாற்றி நிச்சயம் செய்ய வேண்டியதுதான். அதற்கு முன்னால் மாப்பிள்ளையைச் சொந்தபந்தங்களோடு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பெண்ணின் அப்பா விரும்பினார். அம்மாவும், "ஞாயித்துக்கிழமை மயிலத்துல பாப்பாவுக்குக் காது குத்தறோம், அவன் மடியிலதான் குத்தணும், எல்லாரும் வந்துடுங்க" என்று பெருமையாகக் கூப்பிட்டுவிட்டார். ஏழு வருஷமாகக் காத்திருந்த என் காது, இப்படி மாமாவின் கல்யாணத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டது.

அன்று காலை மயிலம் மலைமேல் ஒரே கூட்டம். எங்களைப் போல நான்கைந்து குடும்பங்கள் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் வந்திருந்தார்கள். மேளச்சத்தம், சாம்பிராணிப் புகை, கற்பூரப் புகை, ஓரமாக மூன்று கல் அடுப்பில் பொங்கல் வைக்கிற விறகுப் புகை. மற்றவர்கள் படியேறி வந்தார்கள். மாமா மட்டும் சீர்த்தட்டோடு மோட்டார் பைக்கில் ரோடு வழியாக மேலே வந்தார். "நான் படியேறினா தட்டுல இருக்கற பழமெல்லாம் ஆடும்" என்றார். நான் நம்பினேன்.

எனக்கு மொட்டை அடித்து, குளிப்பாட்டி, சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி, மண்டபத்தில் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். என் சொத்து என்று என்னிடம் இருந்தது ஒரு வாட்டர் பாட்டில். இளஞ்சிவப்பு நிறம், மூடியைத் தட்டினால் ஸ்ட்ரா தானாக எழுந்து நிற்கும். அதை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள்.

முதலில் மாமாவே வந்தார். சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, என் பாட்டிலை வாங்கி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கண்ணடித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் அம்மா அவரைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தார். அம்மா கையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. எங்கள் ஊரில் சளி என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னால், கலர் கலராக நான்கைந்து மாத்திரையை ஒன்றாக மடித்து 'செட்' என்று கொடுப்பார்கள். பெயர் கேட்கிற வழக்கம் கிடையாது. "இந்தப் புகையில தும்ம ஆரம்பிச்சா மானம் போயிடும், போட்டுக்கோடா" என்று அம்மா அந்தச் செட்டை முழுசாக அவர் வாயில் போட்டார். மறுபடியும் என் பாட்டில். மாமா ஏற்கெனவே போட்டுக்கொண்டதைச் சொல்லவில்லை. சொன்னால் தினமும் போடுவதையும் சொல்ல வேண்டிவரும்.

அடுத்தது அப்பா. அப்பாவுக்கு எந்த வியாதிக்கும் அவருடைய பர்ஸில் இருக்கும் ஒரு மஞ்சள் மாத்திரைமேல் நம்பிக்கை. பெண் வீட்டார் வேன் அடிவாரத்துக்கு வந்துவிட்டது என்று போன் வந்ததும், "மச்சான், இத்தப் போட்டுக்கோ, மூக்கு கப்புனு அடங்கிடும். உங்க அக்காகிட்ட சொல்லாத, பயந்துடும்" என்று கொடுத்தார். மாமாவுக்கு அப்பா வார்த்தையைத் தட்டிப் பழக்கமில்லை. மூன்றாவது தடவையாக என் பாட்டில் கைமாறியபோது ஸ்ட்ராவில் காற்றுதான் வந்தது. எல்லோரும் பாசத்தில்தான் கொடுத்தார்கள். ரகசியம் என்பதால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

பெண் வீட்டார் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெண்ணின் அப்பா முன்னால், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பெண் ஒரு பச்சைப் புடவையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். மாமா மணையில் உட்கார்ந்தார், என்னைத் தூக்கி மடியில் வைத்தார்கள். பத்தர் வலது காதில் புள்ளி வைத்தார். மாமா என் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர் வேலை. பிடித்தும் இருந்தார். ஊசி நெருங்க நெருங்க அந்தப் பிடி தளர்ந்தது. என் தலைமேல் கன்னம் வந்து பொத்தென்று உட்கார்ந்தது. முதலில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு என் உச்சந்தலையில் குறட்டை கேட்டது.

பத்தர் திறமைசாலி. மாமன் தூங்கினாலும் முகூர்த்தம் தூங்காது என்பதுபோல இரண்டு காதையும் சட்சட்டென்று குத்தி முடித்தார். நான் அலறினேன். அந்தச் சமயத்தில்தான் யாரோ செல்போனில் அந்தப் படத்தை எடுத்தார்கள். நான் அலறியும் மாமா விழிக்கவில்லை. அப்பா வந்து தோளைக் குலுக்கினார். மாமா கண்ணைத் திறந்து, "மூட்டைய எடை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார். மேளக்காரர்களே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா எழுந்து நின்றார். உப்பின முகம், சிவந்த கன்னம், காலை பத்து மணிக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம். அவர் மேற்கொண்டு யோசிக்க என்ன இருக்கிறது? "கோயில் மலைமேலயே இப்பிடின்னா, வீட்ல எப்பிடி இருப்பாரு?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், மேளம் நின்றுவிட்டதால் மண்டபம் முழுவதும் கேட்டது.

அம்மா முகம் செத்துவிட்டது. அப்பா அம்மாவைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். காதைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். அங்கே அப்பா சொன்ன யோசனையை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். "குடிச்சிருக்கான்னே நெனச்சிக்கட்டும். கல்யாணத்துக்கு அப்பறம் விட்டுட்டான்னு சொல்லிக்கலாம். இழுப்புன்னு தெரிஞ்சா அத்த எப்பிடி விட்டுட்டான்னு சொல்றது?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொஞ்சம் யோசித்து, அதுவும் சரிதான் என்று தலையாட்டினார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத தம்பியைக் குடிகாரனாக்கிக் கரையேற்ற என் பெற்றோர் ஒரே மனதாக முடிவு செய்தார்கள்.

அப்பா பெண்ணின் அப்பாவிடம் போய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நேத்து ஃப்ரெண்டுங்க கூட கொஞ்சம் சேர்ந்துட்டான் போலருக்கு, தெனமும் எல்லாம் கெடையாதுங்க" என்று ஆரம்பித்தார். எனக்கு இரண்டு காதும் எரிந்தது. தாகம் வேறு, பாட்டிலில் தண்ணீர் இல்லை. என் மாமாவைப் பற்றி அப்பாவே பொய் சொல்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இருந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"பொய்யி! மாமா மாத்திரதான் போட்டுக்கினாரு. சட்டையில இருந்து ஒண்ணு, அம்மா குடுத்தது ஒரு பொட்டலம், நீ குடுத்தது ஒண்ணு. எல்லாமே என் பாட்டில்ல. இப்ப எனக்குத் தண்ணியே இல்ல."

அம்மா அப்பாவைப் பார்த்து, "நீங்க எப்பக் குடுத்தீங்க?" என்றார். அப்பா அம்மாவைப் பார்த்து, "நீயும் குடுத்தியா?" என்றார். இருவரும் சேர்ந்து மாமாவைப் பார்த்தார்கள். அவருடைய சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையின் முனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தப் பச்சைப் புடவை அக்கா எழுந்து வந்தார். வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் நேராக மணைக்குப் போய் அட்டையை உருவிப் படித்தார். பிறகு என் மாமாவின் முகத்தை, கன்னத்தை, கழுத்தை உற்றுப் பார்த்தார். யாரிடமோ ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி அவர் முகத்தில் தெளித்து, "எத்தினி நாளா இத்தப் போட்டுக்கினு இருக்கீங்க?" என்று கேட்டார்.

தூக்கக் கலக்கத்தில் மனுஷனுக்குப் பொய் வராது. மாமா பாதிக் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். மண்டிப் புழுதி, இழுப்பு, ஐந்து நாள் மாத்திரை, காலி அட்டை, சுற்றிச் சுற்றிப் போன கடைகள். அம்மா ஏழு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த ரகசியம், முருகன் சன்னிதிக்கு எதிரில், இரண்டு வீட்டு ஜனங்களும் பத்தரும் மேளக்காரரும் கேட்க, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டு மாமா நிம்மதியாக மறுபடி தூங்கப் போனார். அந்த அக்கா விடவில்லை.

"எங்க அத்தைக்கும் இப்பிடித்தான் மொகம் உருண்டுச்சி. அரிப்புக்குப் போட்ட மாத்திர. எல்லாரும் நல்லா சத போட்டிருக்கன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?" என்று தன் அப்பாவிடம் கேட்டார். அந்த அத்தைக்கு அப்புறம் சர்க்கரை ஏறி, வழுக்கி விழுந்ததில் எலும்பும் முறிந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "பாக்கு மாத்தறதப் பத்தி அப்பறம் பேசலாம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கிப் போவணும். ஜல்தி வேன எடுக்கச் சொல்லுங்க" என்றார் அந்த அக்கா.

காதுகுத்துக்கு வந்த இரண்டு குடும்பமும் ஒரே வேனில் ஏறியது. மாமாவை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டார்கள். சாப்பாட்டு அண்டாவை விட்டுவிட்டு வர அம்மாவுக்கு மனசில்லை, அதையும் ஏற்றினார். மொட்டைத் தலையும் புதுத் தோடுமாக நான் முன் சீட்டில். திண்டிவனத்தில் ஒரு கிளினிக் வாசலில் வேன் நின்றபோது, கல்யாணக் கோஷ்டி வழி தவறி வந்துவிட்டது என்றுதான் அங்கே இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் ஒரு பெண். நடுத்தர வயது, கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டிருந்தார். மாமாவின் நாடி, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டுப் படுக்கவைத்தார். மாமாவின் அட்டையையும், அம்மாவின் பையில் மிச்சமிருந்த இன்னொரு செட்டையும், அப்பாவின் பர்ஸ் மாத்திரையையும் வாங்கி மேஜைமேல் வைத்தார். "இந்த அட்டையில இருக்கற ஒரு மாத்திரைக்குள்ள ரெண்டு மருந்து இருக்கு. ஒண்ணு தும்மலையும் அரிப்பையும் அடக்கும், தூக்கத்தையும் குடுக்கும். நீங்க குடுத்த பொட்டலத்துலயும் மஞ்சள் மாத்திரையிலயும் அதே வேலையத்தான் செய்யற மருந்து இருக்கு. ஆளுக்கு ஒண்ணுன்னு சேர்த்துப் போட்டா தூங்காம இன்னா பண்ணுவாரு? இதுல பைக்கு வேற ஓட்டிக்கினு வந்திருக்காரு" என்றார். அம்மாவும் அப்பாவும் வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள்போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் மாமா முழுசாக விழித்தார். டாக்டர் அவரை உட்காரவைத்து மீதியைச் சொன்னார். உள்ளே இருக்கும் இன்னொரு மருந்து ஸ்டீராய்டு. அது கெட்டது இல்லை, மூச்சு முட்டும்போது உயிரைக் காப்பாற்றுவதே அதுதான். டாக்டர் பார்த்துக்கொடுத்தால் சில நாளைக்கு நல்லது. யாரையும் கேட்காமல் மாதக்கணக்கில் போட்டால் முகம் உருளும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும், கிருமி வந்தால் உடம்பு தாங்காது. மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த அக்கா வேறு பார்த்துக்கொண்டிருக்கிறார். "இன்னையோட தூக்கிப் போட்டுடறேன் டாக்டர், இனிமே தொடவே மாட்டேன்" என்றார்.

அதுவரை பொறுமையாக இருந்த டாக்டர் அப்போதுதான் பதறினார். "ஐயோ, அத மட்டும் பண்ணிடாதீங்க! உடம்பு தானா சுரக்கற ஒண்ண இந்த மாத்திர இத்தினி நாளா வெளியில இருந்து குடுத்துக்கினு இருந்திருக்கு. சட்டுனு நிறுத்தினா உடம்பு திண்டாடிப்போயிடும். மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாயிடும். நான் சொல்ற அளவுல கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணும். வேற எந்த டாக்டர்கிட்ட போனாலும் இதச் சொல்லிடணும்." நெஞ்சுக்கு ஒரு பம்பு, அதாவது வாயில் வைத்து இழுக்கிற இன்ஹேலர், எழுதினார். பம்பு பிடித்தால் ஆயுசுக்கும் விடாதாமே என்று அம்மா தயங்கினார். அது நெஞ்சுக்கு மட்டும் துளி மருந்தைக் கொண்டுபோகிறது, மாத்திரையோ தேவையில்லாத இடத்துக்கெல்லாம் போகிறது, எது பரவாயில்லை என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் டாக்டர். பிடித்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும், மண்டியில் மூக்கை மூடிக்கொண்டு வேலை பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

கதவோரமாக நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெண்ணின் அப்பா மெதுவாக உள்ளே வந்தார். இழுப்புக்காரனுக்குப் பெண் இல்லை என்று சொல்லத்தான் வருகிறார் என்று அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவரோ வேட்டி மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இது என் முட்டி வலிக்கிங்க. மெடிக்கல்ல குடுத்தாங்க. போட்டா ஜோரா நடக்கறேன். இதுல இன்னா இருக்குன்னு கொஞ்சம் பாருங்களேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்களுமா?" என்றார். முதலில் சிரித்தது அந்த அக்காதான். பிறகு மாமா, பிறகு அப்பா, கடைசியில் அம்மா. ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலேயே நானும் சிரித்தேன், காது வலித்தது. வெளியே வேனில் அண்டாவைத் திறந்து, பாக்குமட்டைத் தட்டில் சாம்பார் சாதமும் கேசரியும் எல்லோருக்கும் போட்டார் அம்மா. நர்ஸ்களுக்கும் போட்டார். பெண்ணின் அப்பா இரண்டாம் தடவை கேசரி வாங்கிக்கொண்டபோது, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு நல்ல நேரம் என்று அப்பாவிடம் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. மாத்திரை குறையக் குறைய மாமாவின் கன்னமும் குறைந்தது. வாரத்துக்கு வாரம் நான் அமுக்கிப் பார்ப்பேன், கைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அகப்படும். இட்லி மூன்றாகிவிட்டது. பஜ்ஜிக்கு என்னோடு வந்து, எனக்கு மட்டும் வாங்கிக் கொடுத்தார். அந்த டாக்டரும் அந்த அக்காவும் சேர்ந்துகொண்டு என் மாமாவின் கன்னத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று நான் முடிவு செய்தேன். தை மாதம் கல்யாணம் நடந்தது. மாமா பழையபடி ஒல்லியாக மேடையில் உட்கார்ந்திருந்தார். ஓமப்புகை அதிகமானபோது, அத்தனை பேர் எதிரிலும் சட்டைப்பையிலிருந்து பம்பை எடுத்து, குலுக்கி, பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல மாலையைச் சரிசெய்தார். முன்வரிசையில் இருந்த அம்மா அதைப் பார்த்து அழுதுகொண்டே சிரித்தார். நான் புது அத்தையிடம் அன்று முழுவதும் பேசவில்லை.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில், மாமாவுக்காக அம்மா வேண்டிக்கொண்டிருந்த வேண்டுதலை முடிக்க மறுபடியும் மயிலம் போனோம். இந்தத் தடவை மாமா பைக்கை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, "வா பாப்பா, முதுகுல ஏறிக்கோ" என்றார். நான் ஏறிக்கொண்டேன். என்னைத் தூக்கிக்கொண்டு படியேறினார். ஏறிக்கொண்டே மண்டிக்குள் ஒரு ஆடு புகுந்து மல்லாட்டை மூட்டையைக் கிழித்த கதையைச் சொன்னார். அப்படியொன்றும் பிரமாதமான கதை இல்லை. ஆடு பிடிபட்ட பிறகும் கதை முடியவில்லை, ஆட்டுக்காரர் வந்தார், சண்டை வந்தது, சமாதானம் ஆனது. அலுத்துப்போய் நான் திரும்பிப் பார்த்தேன்.

அத்தை எங்களுக்கு இரண்டு படி பின்னால் பூக்கூடையோடு வந்துகொண்டிருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறக்காமல் வந்தார். நான் ஏதோ கேட்க வாயெடுத்தபோது உதட்டில் விரல் வைத்து என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். நான் முதுகில் ஏறிக்கொண்டதில் அவருக்குக் கோபம் என்று நினைத்தேன். இல்லாவிட்டால், அந்த மொக்கை ஆட்டுக் கதை இவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதா என்றும் நினைத்தேன். மாமா ஓரிடத்திலும் நிற்காமல், கதையையும் நிறுத்தாமல், உச்சிக்கு வந்து சேர்ந்தார். பின்னால் வந்த அத்தை கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். படியெல்லாம் அவர் கேட்டுக்கொண்டு வந்தது மாமாவின் மூச்சை என்பது எனக்கு அப்போது தெரியாது.